ஒரே நாளில் கோபாக்கும் 'வேண்டாம்' வாக்கும்: கான்சஸில் நடந்தது என்ன?

கேள்வி இதுதான்: "2022 ஆகஸ்ட் 2 அன்று கான்சஸ் மாநிலத்தில், கருக்கலைப்பு உரிமையை எடுத்துவிடும் அரசியல் சாசனத் திருத்தத்தை 59 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். அதே நாளில், கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்க்கும் கிரிஸ் கோபாக் குடியரசுக் கட்சியின் பிரைமரியில் ஜெயித்து அட்டர்னி ஜெனரல் வேட்பாளர் ஆனார். ஒரு கையால் உரிமையைக் காப்பாற்றி, மறு கையால் அதை எதிர்ப்பவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த வாக்காளர்கள் குழம்பிப் போயிருக்கிறார்களா?"

இல்லை, குழம்பவில்லை. நான் அன்று கான்சஸின் ஜான்சன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி) வரிசையில் நின்று வாக்களித்தவன். அந்த வரிசையில் நான் பார்த்த அளவுக்குத் தெளிவான வாக்காளர்களை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. குழப்பம் எங்கே வருகிறது என்றால், இரண்டு வேறு கேள்விகளுக்கு இரண்டு வேறு கூட்டம் சொன்ன பதில்களை நாம் ஒன்றாகப் போட்டுக் கலக்கிப் படிக்கிறோமே, அங்கேதான்.

முதலில் பிரைமரி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வேட்பாளர் பட்டியலைக் கட்சித் தலைமை அறிவிக்கும். தொகுதிக்காரர்கள் மறுநாள் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். இங்கே அந்தப் பட்டியலைத் தீர்மானிப்பதே ஒரு தேர்தல். கான்சஸில் குடியரசுக் கட்சிக்காரர் என்று பதிவு செய்தவர் அந்தக் கட்சியின் பிரைமரியில்தான் வாக்களிக்க முடியும். ஜனநாயகக் கட்சிக்காரருக்கு அவர்கள் பிரைமரி. எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், நானும் அதில் ஒருவன். ஏதாவது ஒரு கட்சியில் பதிந்துகொண்டால் ஒழிய எங்களுக்கு அன்று வேலையே இல்லை. அதனால் ஆகஸ்ட் பிரைமரி என்றாலே வாக்குச்சாவடி காற்றாடும். 2018 ஆகஸ்டில் பதிவான வாக்கு 27 சதவீதம் அளவுதான்.

அந்தக் காற்றாடும் நாளில்தான் இந்தச் சாசனத் திருத்தக் கேள்வியையும் சேர்த்து வைத்தார்கள்.

திருத்தம் என்று வந்தால், கட்சி சேராதவர்களும் வாக்களிக்கலாம். என் முறை வந்தபோது மேசைக்குப் பின்னால் இருந்த வயதான அம்மையார் பெயரைச் சரிபார்த்துவிட்டு, "நீங்கள் கட்சி சேராதவர். கட்சி எதிலாவது சேர்கிறீர்களா, இல்லை கேள்வி மட்டும் போதுமா?" என்று கேட்டார். கேள்வி மட்டும் போதும் என்றேன். "இன்று காலையிலிருந்து இதையே எத்தனை முறை கேட்டுவிட்டேன் தெரியுமா!" என்றார். எனக்கு முன்னால் நின்ற இளம்பெண்ணும் அதையே வாங்கிப் போயிருந்தாள். பின்னால் இருந்தவர்களும் அதையே கேட்டார்கள். வெளியே நூறு டிகிரி வெயில். யாரும் வரிசையை விட்டுப் போகவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். இந்த விஷயத்தில் எந்த விமர்சகரின் பேச்சையும் விட இந்தக் கூட்டல் கழித்தல்தான் அதிகம் சொல்லும். திருத்தம் வேண்டாம் என்றவர்கள் சுமார் 5 லட்சத்து 43 ஆயிரம். வேண்டும் என்றவர்கள் சுமார் 3 லட்சத்து 78 ஆயிரம். மொத்தம் 9 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல். வாக்குப்பதிவு 36 சதவீதம் இருக்கும் என்று மாநிலச் செயலர் ஸ்காட் ஷ்வாப் கணித்திருந்தார்; வந்ததோ 47 சதவீதம் அளவு. அதே நாளில் கவர்னர் வேட்பாளருக்கான இரண்டு கட்சி பிரைமரிகளிலும் விழுந்த வாக்குகளைக் கூட்டினால், திருத்தத்துக்கு விழுந்ததைவிட ஒன்றரை லட்சத்துக்கு மேல் குறைவு. அதாவது என்னைப் போல அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் அத்தனை பேர். கோபாக்கின் பெயரை அவர்கள் சீட்டில் பார்க்கக்கூட இல்லை.

இன்னொன்று. குடியரசுக் கட்சி பிரைமரியில் வாக்களித்தவர்கள் நாலரை லட்சம் பேருக்கு மேல். 'வேண்டும்' வாக்குகளோ 3 லட்சத்து 78 ஆயிரம்தான். 'வேண்டும்' என்ற ஒவ்வொருவரும் குடியரசுக் கட்சிக்காரர் என்றே வைத்துக்கொண்டாலும், குறைந்தது எழுபதாயிரம் குடியரசுக் கட்சி வாக்காளர்கள் தங்கள் கட்சித் தலைவர்கள் சொன்ன பக்கம் போகவில்லை. ஜனநாயகக் கட்சியிலும் கட்சி சேராதவர்களிலும் 'வேண்டும்' போட்டவர்கள் உண்டு என்பதால் உண்மையான எண்ணிக்கை இன்னும் பெரிது.

அப்படியானால் அந்த எழுபதாயிரத்துச் சொச்சம் பேரில் கோபாக்குக்குப் போட்டவர்களும் இருந்திருப்பார்களே, அது முரண் இல்லையா? இங்கே கோபாக் எப்படி ஜெயித்தார் என்று பார்க்க வேண்டும். மூன்று பேர் போட்டியிட்டார்கள். கோபாக் 42 சதவீதம் வாங்கினார். மாநில செனட்டர் கெல்லி வாரனுக்கு 38 சதவீதம், முன்னாள் மத்திய அரசு வழக்கறிஞர் டோனி மாட்டிவிக்கு மீதி. அந்தப் பிரைமரியில் கருக்கலைப்பு உரிமைக்காகப் பேசிய வேட்பாளர் ஒருவர்கூட இல்லை. அந்த விஷயத்தில் வாக்காளருக்கு அங்கே தேர்வே கிடையாது. கடையில் மூன்று வகை வாழைப்பழம் மட்டும் வைத்திருந்தால், வாங்கிப் போனவருக்கு மாம்பழம் பிடிக்காது என்றா சொல்வது? தெரிந்த பெயர், குடியேற்றம், வழக்காடும் திறமை, முந்தைய தேர்தல்களில் அவர் தோற்ற கதை, இவைதான் அந்தச் சீட்டில் எடைபோடப்பட்டவை.

திருத்தத்தின் கதைக்கு வருகிறேன். 2019-ல் கான்சஸ் உச்ச நீதிமன்றம், மாநில அரசியல் சாசனத்தின் உரிமைப் பகுதி ஒரு பெண் தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமையைக் காக்கிறது, கருக்கலைப்பும் அதில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அதை மாற்ற ஒரே வழி சாசனத்தைத் திருத்துவது. கான்சஸில் பொதுமக்கள் கையெழுத்துத் திரட்டி ஒரு கேள்வியை வாக்குச்சீட்டில் ஏற்ற முடியாது. சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு அனுப்பினால்தான் உண்டு. 2020-ல் முயன்றார்கள், கீழவையில் சில வாக்குகள் குறைந்தன. 2021 ஜனவரியில் நிறைவேற்றினார்கள். நவம்பர் பொதுத்தேர்தலில் வைத்திருக்கலாம். ஆகஸ்டைத் தேர்ந்தெடுத்தார்கள். குடியரசுக் கட்சி பிரைமரியில் எப்போதும் போட்டி அதிகம், அவர்கள் ஆட்கள் வருவார்கள், மற்றவர்கள் வரமாட்டார்கள். வெளிப்படையாக யாரும் சொல்லாவிட்டாலும் கணக்கு எல்லோருக்கும் புரிந்தது.

கேள்வியின் வாசகத்தையும் படித்துப் பார்க்க வேண்டும். கான்சஸ் மக்கள் பெண்களையும் குழந்தைகளையும் இருவரையுமே மதிப்பதால் என்று தொடங்கும். கருக்கலைப்புக்கு அரசு பணம் தர வேண்டிய கட்டாயம் இல்லை என்று ஒரு வரி. அப்படி ஒரு கட்டாயம் ஏற்கெனவே நடைமுறையில் இருப்பதுபோல அது தொனிக்கும். வல்லுறவு, தாயின் உயிருக்கு ஆபத்து போன்ற நிலைமைகள் பற்றியும் சட்டம் இயற்றலாம் என்று ஒரு வரி. அந்த விதிவிலக்குகள் உறுதி என்று அதில் எங்கும் இல்லை, 'இயற்றலாம்' என்றுதான் இருக்கிறது. உரிமை வேண்டும் என்பவர் 'வேண்டாம்' என்று போட வேண்டும், உரிமை வேண்டாம் என்பவர் 'வேண்டும்' என்று போட வேண்டும். என் மனைவி அந்த வாசகத்தைச் சமையலறை மேசையில் வைத்து இரண்டு தரம் சத்தமாக வாசித்தாள். மூன்றாவது தரம், 'பணம்' என்ற வரியில் பென்சிலால் கோடு போட்டு, "இது எதற்கு இங்கே?" என்றாள். எனக்குத் தெரிந்து எத்தனையோ வீடுகளில் அந்த ஜூலை மாதம் இந்தப் பரீட்சை நடந்தது.

வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் பலரின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'ஆம்', அதாவது திருத்தம் 'வேண்டும்' என்று போட்டால் பெண்களுக்குத் தேர்வு கிடைக்கும் என்று அதில் இருந்தது. நேர் தலைகீழ். முன்னாள் கவர்னர் கேத்லீன் செபீலியஸுக்கே அது வந்தது என்று பிறகு செய்திகளில் பார்த்தோம். என் பக்கத்து வீட்டுக்காரர் நாற்பது வருடமாகக் குடியரசுக் கட்சிக்காரர், தேவாலயத்துக்குத் தவறாமல் போகிறவர். அந்தச் செய்தியை வேலியோரம் நின்று என்னிடம் காட்டியபோது அவர் முகம் சிவந்திருந்தது. "நான் 'ஆம்' போடலாமா என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். நேர்மையான விஷயமாக இருந்தால் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?" என்றார். மறுநாள் அவர் எதில் போட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

கருக்கலைப்பு சரி என்று நினைத்து அத்தனை பேரும் 'வேண்டாம்' போட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். வேறு வேறு காரணங்கள் அந்த ஒரு சொல்லுக்குள் வந்து சேர்ந்தன. ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் கருக்கலைப்பு உரிமையைக் காத்துவந்த தன் பழைய ரோ தீர்ப்பை ரத்து செய்ததும், அதுவரை ஏட்டில் இருந்த கேள்வி வீட்டுக்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு புதிதாக வாக்காளர் பதிவு செய்தவர்களில் பெண்களே பெரும்பான்மை. பக்கத்து மாநிலமான மிசௌரியில் ரோ ரத்தான அன்றே கருக்கலைப்புத் தடை அமலுக்கு வந்தது. எங்களுக்கு அது சாலைக்கு அந்தப் பக்கம். 'வேண்டாம்' பிரசாரம் இதையெல்லாம் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தது. அவர்களுடைய டிவி விளம்பரங்கள் பலவற்றில் 'அரசாங்கக் கட்டாயம்' என்ற சொல்லே முன்னால் நின்றது. கொரோனா காலத்தில் முகக்கவசக் கட்டாயத்தை எதிர்த்த ஆட்களின் காதில் அந்தச் சொல் எப்படி விழும் என்று தெரிந்து செய்த வேலை அது. அப்புறம், வாசகத்தையும் தேதியையும் பார்த்து, "நம்மை ஏமாற்றப் பார்க்கிறார்கள்" என்று கோபப்பட்டவர்கள். இந்தக் கடைசிக் கூட்டத்தின் எடையைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், இது கான்சஸில் மட்டும் நடந்த கதை இல்லை. பக்கத்து மிசௌரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் அங்கே சட்டமன்றம் தொழிற்சங்கங்களை நலிவாக்கும் 'ரைட் டு வொர்க்' சட்டத்தை நிறைவேற்றியது. சங்கங்கள் மூன்று லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகளைத் திரட்டி, அதை மக்கள் வாக்கெடுப்புக்கு இழுத்துவந்தன. நவம்பரில் நடக்கவேண்டிய வாக்கெடுப்பைச் சட்டமன்றம் 2018 ஆகஸ்ட் பிரைமரிக்கு நகர்த்தியது. 67 சதவீதம் பேர் சட்டத்தைத் தூக்கியெறிந்தார்கள். இரண்டு வருடம் முன்புதான் டிரம்ப் அதே மாநிலத்தில் பதினெட்டு சதவீத வித்தியாசத்தில் வென்றிருந்தார்! அந்த ஆண்டு நவம்பரில் குடியரசுக் கட்சியின் ஜோஷ் ஹாலியை செனட்டுக்கு அனுப்பியவர்களும் இவர்கள்தான், அதே சீட்டில் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியவர்களும் இவர்கள்தான். 2020 ஆகஸ்ட் பிரைமரியில் ஏழைகளுக்கான மெடிகெய்ட் மருத்துவக் காப்பீட்டை விரிவாக்கும் திருத்தம் 53 சதவீதத்தில் ஜெயித்தது. அந்தத் தேதியையும் கவர்னர்தான் நவம்பரிலிருந்து ஆகஸ்டுக்கு மாற்றினார்.

தெற்கு டகோட்டாவிலும் இதே மாதிரி. 2022 நவம்பரில் மெடிகெய்ட் வாக்கெடுப்பு வரவிருந்தது. அதற்கு முன்னால் ஜூன் பிரைமரியிலேயே, பெருஞ்செலவு வைக்கும் முன்மொழிவுகளுக்கு 60 சதவீதம் வேண்டும் என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தார்கள். 67 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பரில் மெடிகெய்ட் 56 சதவீதத்தில் ஜெயித்தது. 60 என்ற கோடு இருந்திருந்தால் தோற்றிருக்கும். ஒஹாயோ இதையும் பார்த்துவிட்டு, 2023 ஆகஸ்டில் தனித் தேர்தலே வைத்து அதே 60 சதவீதக் கோட்டைக் கேட்டது. ஆகஸ்டில் யாரும் வாக்களிக்க வருவதில்லை என்று சொல்லி அத்தகைய தேர்தல்களைப் பெரும்பாலும் நிறுத்தும் சட்டத்தை அதே சட்டமன்றம்தான் சில மாதம் முன்பு நிறைவேற்றியிருந்தது. வந்தவர்கள் 30 லட்சத்துக்கு மேல், 57 சதவீதம் 'வேண்டாம்'.

ஆட்டத்தின் விதியையே யாரோ இரவோடிரவாக மாற்றுகிறார்கள் என்று பட்டால், எந்தக் கட்சிக்காரருக்கும் ரத்தம் கொதிக்கும். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் கட்சியைப் பார்க்கிறோம், பழக்கத்தைப் பார்க்கிறோம். முன்மொழிவில் கட்சிச் சின்னம் இல்லை. வாசகம் மட்டும்தான் இருக்கிறது. அதைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அன்று இரவு என் நண்பர்கள் சிலர் "கான்சஸ் மாறிவிட்டது" என்று குதூகலித்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் அந்தப் பேச்சை நம்பவில்லை. நவம்பரில் ஜனநாயகக் கட்சி கவர்னர் லாரா கெல்லி சுமார் இரண்டு சதவீத வித்தியாசத்தில் மறுபடி வென்றார்; பிரசாரத்தில் அவர் பள்ளிக்கூட நிதி, மளிகைப் பொருள் மீதான வரி என்று பேசினாரே தவிர, கருக்கலைப்பைப் பெரிதாக எடுக்கவில்லை. கோபாக்கும் வென்றார், இரண்டு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில். சட்டமன்றம் குடியரசுக் கட்சியின் கையிலேயே மூன்றில் இரண்டு பங்கு பலத்தோடு இருந்தது. 2024-ல் டிரம்ப் கான்சஸை பதினாறு சதவீத வித்தியாசத்தில் வென்றார். ஒரு கேள்விக்கு வந்த பதிலை எல்லாக் கேள்விக்குமான பதிலாக எடுத்துக்கொண்டால் இப்படித்தான் நவம்பரில் ஏமாற வேண்டிவரும்.

தோற்றவர்கள் அந்த ஆகஸ்ட் முடிவை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதும் கேள்விக்கு நெருங்கியதுதான். சிலர் நம்ப மறுத்தார்கள். ஒன்றேகால் லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவாகப் பணம் கட்டி ஒன்பது கவுண்டிகளில் கையால் மறு எண்ணிக்கை கேட்டார்கள். 1 லட்சத்து 65 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் தோற்ற ஒன்றுக்கு மறு எண்ணிக்கை! ஊழியர்கள் நாள் கணக்காக உட்கார்ந்து எண்ணினார்கள். மாறியது நூறு வாக்குகளுக்கும் குறைவு. அதே நாட்களில் பொருளாளர் பதவிக்கான குடியரசுக் கட்சி பிரைமரி நிஜமாகவே இழுபறியாக இருந்தது. ஸ்டீவன் ஜான்சன் கடைசியில் 475 வாக்கில்தான் ஜெயித்தார். மறு எண்ணிக்கை எதற்காக இருக்கிறதோ, அது அதற்குப் பொருத்தம்.

தோல்வியை வேறு மாதிரி எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. 1978 ஜூன் 6, கலிபோர்னியா. சொத்து வரியை வெட்டும் 13-வது முன்மொழிவு அன்றும் பிரைமரியோடுதான் வந்தது. கவர்னர் ஜெர்ரி பிரவுன் அதைக் கடுமையாக எதிர்த்தவர். அன்று அவர் தன் கட்சியின் வேட்பாளராகத் தேர்வானார்; அவர் எதிர்த்த முன்மொழிவும் சுமார் 65 சதவீதத்தில் ஜெயித்தது. உடனே அவர், மக்கள் சொல்லிவிட்டார்கள், நிறைவேற்றுவது என் வேலை என்று இறங்கினார். நவம்பரில் எளிதாக வென்றார். அந்த வரிவெட்டு கலிபோர்னியாவின் பள்ளிகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் செய்ததை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் தனக்குப் பிடிக்காத பதிலையும் பதிலாக ஏற்ற அந்த மனசை மதிக்கிறேன்.

பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மிசௌரியில் மெடிகெய்ட் திருத்தம் ஜெயித்தபின் சட்டமன்றம் பணம் ஒதுக்க மறுத்தது. மாநில உச்ச நீதிமன்றம் 2021 ஜூலையில் ஒருமனதாகத் தலையிட்ட பிறகுதான் அமலானது. 2024-ல் அதே மாநில மக்கள் சம்பளத்தோடு நோய் விடுப்பு வேண்டும் என்று வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டே சட்டமன்றம் அதை நீக்கியது. கான்சஸிலும் 2023-ல் கருக்கலைப்பு தொடர்பான மசோதாக்களைக் கவர்னரின் வீட்டோவை மீறி நிறைவேற்றினார்கள். கீழ் வகுப்பிலிருந்தே நமக்குச் சொல்லித்தரும் 'மக்கள் தீர்ப்பு' என்ற சொல்லுக்கு இங்கே என்ன மரியாதை என்று யோசித்தால் எனக்கு வயிறு எரிகிறது. பிரைமரியில் தீவிரமானவர்களின் வாக்கை வாங்கித்தான் இந்த உறுப்பினர்கள் வருகிறார்கள். அந்தச் சிறு கூட்டத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். வாக்கெடுப்பில் வந்த பெருங்கூட்டத்துக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டிய நாளே வருவதில்லை. உங்கள் கேள்வியில் இருக்கும் முரணுக்கு வேர் இதுதான் என்று நினைக்கிறேன்.

2024 ஜூலையில் கான்சஸ் உச்ச நீதிமன்றம் தன் 2019 தீர்ப்பை மீண்டும் உறுதிசெய்தது. அந்த நீதிபதிகளில் ஆறு பேரின் பெயர் 2022 நவம்பர் சீட்டில், 'பதவியில் தொடரலாமா' என்ற கேள்வியாக வந்திருந்தது. ஆறு பேரையும் மக்கள் தொடரச் சொன்னார்கள். இனி உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நேரடித் தேர்தலில் தேர்ந்தெடுக்கலாமா என்று ஒரு புதுச் சாசனத் திருத்தத்தைச் சட்டமன்றம் 2025-ல் நிறைவேற்றி மக்களுக்கு அனுப்பியது. வாக்கெடுப்புக்கு அவர்கள் குறித்த தேதி 2026 ஆகஸ்ட் 4, மறுபடியும் பிரைமரி நாள்.